மருந்துக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்: நம் கடற்கரையில் ரோஜா

இராமநாதபுரம் கடற்கரையில் ரோஜா வராது என்று சொல்பவர்கள் அதிகம். மல்லிகைக்குப் பெயர்போன மாவட்டம் இது, தங்கச்சிமடம் பக்கமிருந்து மல்லிகை நாற்று எங்கெங்கோ போகிறது, ‘ராமநாதபுரம் குண்டுமல்லி’ என்றே ஒரு ரகத்துக்குப் பெயர். ஆனால் ரோஜா என்று பேச்செடுத்தால் மட்டும், “அது ஓசூர்ல வரும், நிலக்கோட்டைல வரும், நம்ம உப்புக்காத்துல எங்க வரும்” என்று கையை விரித்துவிடுகிறார்கள். வரும். உச்சிப்புளிக்குத் தெற்கே, காற்று திரும்பினால் கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு. முற்றத்திலும் மாடியிலும் ரோஜா வைத்திருக்கிறேன், வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் பூக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ரோஜா வளர்ப்பு பற்றி நாம் படிப்பதும் வீடியோவில் பார்ப்பதும் பெரும்பாலும் பெங்களூரிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர்கள் சொல்வது. அவர்கள் ஊரில் அது சரிதான். நம் ஊரில் செடிக்கு வருகிற முதல் வியாதி வேறு.

அது உப்பு.

போன கோடையில் கீழக்கரையிலிருந்து ஒரு லாத்தா (அக்கா) தன் ரோஜா இலைகளின் போட்டோக்களை அனுப்பி, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டார். இலையின் ஓரம் முழுக்கத் தீய்ந்து பழுப்பாக இருந்தது, நடுப்பகுதி இன்னும் பச்சை. புழு இல்லை, புள்ளி இல்லை. நான் போன் போட்டு, “லாத்தா, மருந்து இருக்கட்டும், என்ன தண்ணி ஊத்துறீங்க?” என்று கேட்டேன். “ஆர்.ஓ. மெஷின்ல இருந்து வெளிய வர்ற தண்ணியத்தான் தம்பி, வீணாப் போகுதேன்னு தொட்டிக்கு ஊத்துறேன்” என்றார். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்கிற நல்ல மனசு. ஆனால் அந்தத் தண்ணீர்தான் செடியைக் கொல்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் உப்பை அழிப்பதில்லை, ஒரு பக்கத்திலிருந்து எடுத்து இன்னொரு பக்கம் தள்ளுகிறது, அவ்வளவுதான். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவு, 1500 உள்ள தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு குடிதண்ணீராக வந்தால், மீதி இரண்டு பங்கில் டிடிஎஸ் 2200 பக்கம் ஏறியிருக்கும். அதைப் பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், தரை துடையுங்கள். ரோஜாவுக்கு மட்டும் வேண்டாம்.

உப்பைத் தாங்காத செடிகளில் ரோஜாவும் ஒன்று. தென்னை தாங்கும், பனை தாங்கும், முருங்கை ஓரளவு தாங்கும், காகிதப்பூ தாங்கும். ரோஜாவின் வேர் தாங்காது. மண்ணில் உப்பு கூடினால் மண் ஈரமாக இருந்தாலும் வேரால் அந்த ஈரத்தை இழுக்க முடியாது. செடி வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் ஊற்றுவோம், அந்தத் தண்ணீரிலும் உப்பு. வேர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிற உப்பு, இலைகள் நீரை ஆவியாக்கும்போது வெளியேற வழியில்லாமல் இலையின் ஓரத்திலும் நுனியிலும் சேர்ந்து அங்கே திசு கருகுகிறது. ஓரம் தீய்வது அதனால்தான். முதலில் அடியிலுள்ள பழைய இலைகளில் தெரியும். மண்தொட்டியாக இருந்தால் வெளிப்புறம் வெள்ளை பூத்திருக்கும், மேல்மண்ணிலும் வெள்ளைப் படலம் இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேறு சோதனையே வேண்டாம்.

ஆனாலும் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிவிடுங்கள் என்பேன். பேனா மாதிரி இருக்கும், சில நூறு ரூபாய்தான், ஆர்.ஓ. சர்வீஸுக்கு வருகிறவர் கையில் பார்த்திருப்பீர்கள். நாம் ரோஜாவுக்கு வாங்கிக் குவிக்கிற பாட்டில்கள் எதைவிடவும் இது பயன்படும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 500 வரை நல்லது என்றும், வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்றும் சொல்கிறது. ரோஜாவுக்கு அந்த ‘வேறு வழியில்லாவிட்டால்’ எல்லாம் கிடையாது. நான் வைத்திருக்கிற கணக்கு இதுதான்: 500க்குள் இருந்தால் கவலையில்லாமல் ஊற்றலாம், 1000 வரை போனால் அவ்வப்போது தொட்டியை அலசிவிட வேண்டும், அதற்கு மேல் என்றால் நல்ல தண்ணீர் கலக்காமல் ஊற்றக் கூடாது.

தொட்டியை அலசுவது என்றால் என்ன? மேலே கொஞ்சம் தெளித்தால் உப்பு போகாது, இன்னும் வேர்ப்பக்கம்தான் இறங்கும். தொட்டியில் 10 லிட்டர் மண் இருந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு, 20 லிட்டர் நல்ல தண்ணீரை நிறுத்தி நிறுத்தி ஊற்றி, அடித்துளை வழியாக எல்லாம் ஓடவிட வேண்டும். அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வடிந்த உப்பைச் செடி மறுபடி குடிக்கும். கோடையில் மாதம் ஒரு தடவையாவது இதைச் செய்வது நல்லது. அலசும்போது சத்தும் சேர்ந்து ஓடிவிடும் என்பதால், சில நாள் கழித்து ஒரு பிடி மண்புழு உரம் போட வேண்டும்.

சரி, 20 லிட்டர் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற ஊரில் இது நியாயமான கேள்வி. காவிரிக் கூட்டுக்குடிநீர் வருகிற நாளில் குடிக்கப் பிடிப்பதே பெரும்பாடு, அதை ரோஜாவுக்கு ஊற்றுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ஏசி. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, மீட்டரை வைத்துப் பார்த்தால் உங்களுக்கே சந்தோஷமாக இருக்கும். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஒரு ராத்திரியில் நல்ல அளவு கிடைக்கும். வீட்டில் ஏசி இல்லையென்றால் பக்கத்து வீட்டில், கடையில் கேளுங்கள். சுவரை நனைத்து வீணாகப் போவதுதானே, யாரும் மறுக்க மாட்டார்கள். இன்னொன்று மழை. நம் மாவட்டத்தில் ஆண்டு மழை 800 மில்லிமீட்டர் பக்கம்தான், அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிவிடும். ஆனால் 100 சதுர அடித் தகரக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே 90 லிட்டர் கிடைக்கும். நீல நிற டிரம் இரண்டு வைத்தால் பல வாரத்துக்குக் காணும். கடலோர வீட்டுக் கூரையில் உப்பு படிந்திருக்கும், அதனால் பருவத்தின் முதல் மழையைப் பிடிக்காமல் ஓடவிடுங்கள். டிரம் வாயைத் துணியால் கட்டுங்கள், கொசு வைத்துவிடும்.

கிணறு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மணல் பாங்கான கரையில் மழைத் தண்ணீர் கீழேயுள்ள உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டுதான் நிற்கிறது. வாளி போட்டு நிதானமாக இறைத்தால் மேலாக உள்ள நல்ல தண்ணீர் வரும். மோட்டார் போட்டு ஒரேயடியாக இழுத்தால் கீழே உள்ளது மேலேறிவிடும். ஒரே கிணற்றில் கார்த்திகையில் ஒரு அளவும் வைகாசியில் வேறு அளவும் மீட்டர் காட்டும். போன மாதம் நல்லா இருந்ததே என்று நம்பி ஊற்றக் கூடாது, கோடையில் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் சரியானால் முக்கால்வாசிப் பிரச்சினை போய்விடும். மீதி மண்ணில் இருக்கிறது. நம்மிடம் வண்டியில் வந்து விற்கிற ஒட்டு ரோஜாக்களைப் பாருங்கள், கெட்டியான செம்மண் உருண்டைக்குள் வேர் இருக்கும். அதை அப்படியே கொண்டுபோய் மணலில் வைத்தால் ஊற்றுகிற தண்ணீர் உருண்டையைச் சுற்றி மணல் வழியாக ஓடிவிடும், உருண்டை உள்ளே காய்ந்து கல்லாகும். “தினமும் ஊத்துறேன், அப்பவும் காஞ்சுபோச்சு” என்று சொல்கிற பலர் வீட்டில் நடப்பது இதுதான். வாங்கியதும் ஒரு வாளி நல்ல தண்ணீரில் உருண்டையை முக்கி வைத்து, வெளிப்பக்க மண்ணை விரலால் மெதுவாகக் கரைத்து, அப்புறம் நடுங்கள். தொட்டி 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. செம்மண், நன்றாக மக்கிய சாணி எரு அல்லது மண்புழு உரம், தென்னை நார்க் கழிவு மூன்றும் கலந்தால் போதும். நார்க் கழிவிலேயே உப்பு இருக்கும், அதை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, ஊறவைத்துப் பிழிந்து, சாயம் வெளுக்கிற வரை கழுவ வேண்டும். கடற்கரை மணல் ஒரு பிடிகூட வேண்டாம். ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அந்த முடிச்சுக்குக் கீழேயிருந்து வேகமாக ஒரு குச்சி கிளம்பினால் அது ஒட்டுக்கு அடியில் வேராக இருக்கிற செடியின் கிளை, நம் ரோஜா இல்லை. ஏழு இலை இருந்தால் காட்டு ரோஜா, ஐந்து இருந்தால் நல்ல ரோஜா என்று சொல்வதை நம்பி வெட்டாதீர்கள், நல்ல ரகத்திலும் ஏழு வரும். எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணைத் தோண்டிப் பார்த்து, அடியோடு பிய்த்து எடுங்கள். கத்தரித்தால் மறுபடி தழைக்கும்.

தரையில் நட்டவர்களுக்கு இன்னொரு தொல்லை வரும். நம் கரை மணலில் சிப்பித்தூளும் பவளத்தூளும் கலந்து கிடக்கிறது, அதெல்லாம் சுண்ணாம்பு. சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. அப்போது புதுக் கொழுந்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக வலை போல் தெரியும். மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்பதுதான் முக்கியம்: கொழுந்தில் தொடங்கினால் இரும்பு, அடி இலையில் நரம்புக்கு நடுவில் என்றால் மக்னீசியம், அடி இலை முழுசாக வெளுத்தால் தழைச்சத்து. இரும்புச் சத்துக்குறைக்கு அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) மண்ணில் போட்டால் அந்தச் சுண்ணாம்பு அதையும் கட்டிப்போட்டுவிடும். லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலம் இலையில் தெளித்தால் சில நாளில் பச்சை திரும்பும். மண்ணில்தான் போட வேண்டுமென்றால் இடிடிஹெச்ஏ வகை இரும்புச் செலேட் கேட்டு வாங்குங்கள், சாதாரண இடிடிஏ வகை சுண்ணாம்பு மண்ணில் நிற்காது.

இதோடு சேர்ந்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். முட்டை ஓடு சுண்ணாம்புதான், நம் மண்ணில் அது ஏற்கெனவே அளவுக்கு மேல் கிடக்கிறது. இலையில் வெள்ளைப் பொடி பூக்கிற சாம்பல் நோய்க்குச் சமையல் சோடா கரைத்து அடியுங்கள் என்கிறார்கள். அது சோடியம், நாம் எதை வெளியேற்றப் பாடுபடுகிறோமோ அதையே கொண்டுவந்து சேர்ப்பது. எப்சம் உப்பு மக்னீசியம் குறைந்த செடிக்கு மருந்து. உப்பால் ஓரம் தீய்ந்த செடிக்கு அதைப் போட்டால் உப்புக்கு மேல் உப்பு.

உரத்துக்கு நம் கரையில் பஞ்சமில்லை. மீன் குடல், செதில், தலையெல்லாம் எடுத்துச் சம எடை வெல்லத்தோடு மூடி வைத்து மூன்று வாரம் கழித்து வடித்தால் மீன் அமிலம், அதை லிட்டருக்கு 5 மில்லி கலந்து தெளித்தால் இலை கரும்பச்சையாக வரும். பச்சை மீன் கழிவாக இருக்க வேண்டும். கருவாட்டுக் கழிவு, உப்புக்கண்டம் கழுவிய தண்ணீர் எதுவும் செடிப் பக்கம் வரக் கூடாது. கரையில் ஒதுங்குகிற பாசியும் நல்ல உரம்தான். மண்டபம் பக்கம் கப்பாபைகஸ் பாசியை வளர்த்து அதன் சாற்றை உரமாக்குவது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒதுங்கிய பாசியை எடுத்து வந்தால் மழையில் சில நாள் போட்டு அலசி, மக்கவைத்த பிறகே போடுங்கள். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து நீர்க்க ஊற்றுவது எப்போதும் கைகொடுக்கும்.

காற்றை மறந்துவிடாதீர்கள். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது தென்கடல் பக்க வீடுகளுக்குக் காற்றோடு உப்புத் துளியும் மணலும் வரும். செடியின் ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தால், அந்தப் பக்கம் கடல் இருக்கிறதா என்று பாருங்கள். கிடுகுத் தட்டியோ பனைமட்டை வேலியோ ஆள் உயரத்துக்குக் கட்டினால் போதும். முழுச் சுவர் எழுப்பினால் காற்று ஏறிக் குதித்து உள்ளே சுழலும், தட்டி என்றால் சல்லடை போல் வேகத்தைக் குறைத்து விடும். காற்று பலமாக அடித்த மறுநாள் காலையில் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள்.

அப்படிக் கழுவுவதில் இன்னொரு லாபம், சிவப்புச் சிலந்தி போகும். வெயிலும் காய்ந்த காற்றும் சேரும்போது இலைக்கு அடியில் பொடிப்பொடியாக ஏறி, இலை நிறம் மங்கி, மெல்லிய வலை கட்டும். இதற்குப் பூச்சிமருந்து அடித்தால் சிலந்தியைத் தின்னுகிற நல்ல பூச்சிகள் செத்து, சிலந்தி இன்னும் பெருகும். அடிப்பக்கம் படும்படி வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள், தினமும் ஒரு வாரம். அடங்காவிட்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் கழித்துத்தான் கந்தகம் அடிக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துவிடும். மொட்டு விரியாமல் ஓரம் பழுத்துக் கருகினால் இலைப்பேன், அந்த மொட்டைப் பறித்து எரித்துவிட்டு வேப்பெண்ணெய் அடிக்கலாம். தண்டில் சாம்பல் நிற மரு மாதிரி அப்பியிருப்பது செதில் பூச்சி, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சால் பூச்சி இருக்கிற இடத்தை மட்டும் துடைத்து எடுங்கள்.

உண்மையான நோய்க்காலம் நமக்கு ஐப்பசி, கார்த்திகைதான். கரும்புள்ளி நோயின் பூஞ்சை முளைக்க இலை ஏழு மணி நேரம் பக்கம் ஈரமாக நிற்க வேண்டும், அடைமழையில் அது தாராளமாகக் கிடைக்கிறது. ஓரம் பிசிறடித்த கருப்பு வட்டம், சுற்றி மஞ்சள், அப்புறம் இலை கொட்டிவிடும். கொட்டிய இலையைப் பெருக்கி அப்புறப்படுத்துவதுதான் முதல் வைத்தியம். செடிக்குள் காற்றுப் போகிறமாதிரி நெருக்கத்தைக் குறையுங்கள். வருஷா வருஷம் வருகிற செடியென்றால் மழைக்கு முன்பே மாங்கோசெப் என்கிற பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம், கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு.

கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, அதைச் செய்வதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்கிறது, போன பருவக் கிளைகளைப் பாதியாக வெட்டச் சொல்கிறது. நம் கரையில் அந்த மாதங்களில் பெரும்பகுதி அடைமழை. வெட்டிய காயம் ஈரத்திலேயே கிடந்தால் நுனிக்கருகல் பிடிக்கும், வெட்டிய இடத்திலிருந்து கருப்பு கீழே இறங்கி ஒரு கிளையையே கொண்டுபோய்விடும். அதனால் நான் மழை ஓய்ந்து வாடை தொடங்கிய பிறகுதான், மார்கழி நடுவில் கத்தரியை எடுப்பேன். கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்து, வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டி, காயத்தில் காப்பர் ஆக்சிகுளோரைடு குழம்பு பூச வேண்டும். ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும், மாசியும் பங்குனியும் நம் ஊர் ரோஜாவுக்கு நல்ல காலம். கருகல் ஏற்கெனவே இறங்கியிருந்தால், வெட்டுமுகத்தின் உள்ளே வெள்ளையும் பச்சையுமாகத் தெரிகிற வரை இறங்கி வெட்டுங்கள், பாவம் பார்க்க வேண்டாம்.

இலையில் காசு அளவில் வட்ட வட்டமாக யாரோ கத்தரியால் வெட்டியது போல் இருந்தால் பதற வேண்டாம். அது இலைவெட்டித் தேனீ, கூடு கட்டத் துண்டு எடுத்துப் போகிறது. செடிக்கு ஒன்றும் ஆகாது, மருந்து அடிக்காதீர்கள்.

எந்த ரோஜா வைப்பது என்று கேட்டால் என் பதில் பன்னீர் ரோஜா, அதாவது சந்தையில் அந்தப் பெயரில் விற்கிற வெளிர் சிவப்பு வாசனை ரோஜா. அடுத்து பட்டன் ரோஸ். பெரிய பெரிய பூப் பூக்கிற ஒட்டு ரகங்கள் கண்ணைப் பறிக்கும், ஆனால் தண்ணீர் வசதியைச் சரிசெய்த பிறகு அதற்குப் போங்கள். பன்னீர் ரோஜா சொந்த வேரிலேயே நன்றாக வரும். பென்சில் கனத்தில், பூத்து முடிந்த முற்றிய குச்சி, ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு இருந்தால் போதும். அடியைச் சாய்வாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகிறமாதிரி நட்டு, நிழலில் வைத்து, மழைத்தண்ணீரோ ஏசி தண்ணீரோ மட்டும் ஊற்றினால் ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும். கவாத்து செய்கிற மார்கழியில் எங்கள் வீட்டில் குச்சி நிறையச் சேரும். உச்சிப்புளி, மண்டபம், பெருங்குளம் பக்கம் இருப்பவர்கள் அப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம். வரும்போது உங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வாருங்கள், மீட்டரில் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.